எட்டாத பெல்ட்

"அக்கா, எட்டலக்கா."

வேன் ஓட்டுநர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனாலும் கதவருகே நின்றிருந்த மற்ற இரண்டு அம்மாக்களின் பேச்சு பட்டென்று நின்றுபோயிற்று.

"நல்லா இழுங்கண்ணே. அது எப்பவுமே கொஞ்சம் முரண்டு பிடிக்கும்."

"இழுத்துட்டேன். இதுக்கு மேல இழுத்தா சீட்டுதான் கையோட வரும்."

அக்கா, அண்ணே என்று இருவரும் மாறி மாறி அழைத்துக்கொள்வார்கள். இருவரில் யார் மூத்தவர் என்பது ஐந்து வருடமாகத் தீராத விவகாரம். வேறொரு நாளாக இருந்தால் அதைச் சொல்லி இருவரும் சிரித்திருப்பார்கள்.

பெல்ட்டின் நாக்குக்கும் அது போய் மாட்ட வேண்டிய பூட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. ஜன்னலோர இருக்கையில் மகள் கடுகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, கன்னங்களை உப்ப வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிற்றை உள்ளே இழு என்றால் அவள் கன்னத்தை உப்புவாள். இரண்டும் ஒன்றுதான் என்பது அவள் முடிவு.

"மேல்சட்டை தடிமன்," என்றாள் அம்மா, மற்ற இரண்டு பேருக்கும் கேட்கும்படியாக. "உள்ள லைனிங் வெச்சுத் தெச்சது. அதான்."

அந்தச் சட்டையில் லைனிங் கிடையாது. தைத்தவளே அவள்தான்.

ஓட்டுநர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலிருந்த உறையைத் துழாவி ஒரு தாளை எடுத்து நீட்டினார். "மையத்துல இதுக்குன்னு படிவம் இருக்குக்கா. எழுதிக் குடுத்தா நீட்டுப் பட்டை வரவழைப்பாங்க. பத்து நாளாகும். அதுவரைக்கும்..." தலையைச் சொறிந்தார். "பெல்ட் போடாம வண்டிய எடுத்தா எனக்கு வேலை போயிடும். தப்பா நினைச்சுக்காதீங்க."

அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய இளைஞர்களுக்கான பகல்நேரப் பயிற்சி மையம் அது. அங்கே கடுகுக்குக் காகிதப் பை ஒட்டும் வேலை. ஒட்டுவது மட்டுமல்ல, பத்துப் பத்தாக அடுக்கி ரப்பர் போடுகிற பொறுப்பும் அவளுடையது. அந்த மேசைக்கு அவள்தான் தலைவி. வேனிலிருந்து இறங்கச் சொன்னதும், உப்பிய கன்னத்தோடே கேட்டாள்.

"ரப்பர் யார் போடுவா?"

ஓட்டுநர் கதவைச் சாத்தினார்.

வேன் போயிற்று. அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். இருபது வீடு தூரம்தான். அந்த இருபது வீட்டு வாசலையும் அவள் தரையைப் பார்த்தபடியே கடந்தாள்.

*

கடுகு என்பது பிறந்த அன்று வந்த பெயர். எட்டு மாதம்கூட நிறையாமல், ஒன்றரைக் கிலோ எடையோடு பிறந்தவளைக் கையில் வாங்கிய நர்ஸ், "என்ன இது, கடுகு மாதிரி இருக்கு!" என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது வயது இருபது. புதிதாக அறிமுகமாகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவதை அம்மா எத்தனையோ முறை பார்த்துவிட்டாள். அதன் பிறகு யாராவது கேட்டால் "என் பொண்ணு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

வீட்டின் முன்னறைதான் தையல் கடை. தெருவில் எல்லோருக்கும் அவள் தையல்காரம்மா. கடையில் ஒரு மெஷின், வெட்டும் பலகை, ஆளுயரக் கண்ணாடி, சுவரோரமாகக் கடுகுக்கு ஒரு நாற்காலி. கணவன் ஊர் ஊராகப் போய் லிஃப்ட் பொருத்துகிறவன். மாதத்தில் மூன்று நாள் வீட்டில் இருப்பான். வரும்போது மகளுக்குக் கேக் வாங்கி வருவான். "வேற என்னத்த நான் செய்யறேன் அவளுக்கு?" என்பான்.

தையல்காரம்மாவின் அளவு நோட்டில் தெருவே அடங்கியிருந்தது. யாருக்குத் தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, யார் பிள்ளை பெற்ற பிறகு இரண்டு அங்குலம் கூடினாள், எல்லாம் அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டாள். அந்த நம்பிக்கையில்தான் கூட்டம் வந்தது. ஆனால் அந்த நோட்டில் கடுகுக்கென்று ஒரு பக்கம் கிடையாது.

தேவையில்லை என்பாள். மகளுக்குத் தைக்கும்போது உள்ளே இரண்டு அங்குலத் துணி கூடுதலாக மடித்து விடுவாள். சட்டை பிடிக்கிற மாதிரி தெரிந்தால், மகள் குளிக்கும் நேரத்தில் பிரித்து, தளர்த்தி, மறுபடி அடித்து, இஸ்திரி போட்டு, கொடியில் மாட்டிவிடுவாள். இடுப்புக்கு நாடா இருந்த இடத்தில் எலாஸ்டிக் வந்தது. எலாஸ்டிக் ஒரு விரலிலிருந்து மூன்று விரல் அகலத்துக்குப் போனது. கடுகின் எந்தத் துணியும் ஒருநாளும் அவளை இறுக்கிப் பிடித்ததில்லை. எந்தப் பொத்தானும் தெறித்ததில்லை. மற்ற வீடுகளில் ஒரு பழைய சட்டை சொல்லியிருக்கும் செய்தியை, இந்த வீட்டில் எந்தச் சட்டையும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லவிடாமல் பார்த்துக்கொண்டாள் தையல்காரம்மா.

வலிப்புக்குத் தருகிற மாத்திரை பசியைக் கூட்டும் என்று டாக்டர் அப்போதே சொன்னார். "தினமும் நடக்க வையுங்க. இனிப்பக் குறைங்க." அவளும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

நடக்கத்தான் வைத்தாள், மூன்று வருடத்துக்கு முன்பு வரை. சாயங்காலம் இரண்டு பேரும் பூங்காவரை போய் வருவார்கள். கடுகு வழியில் பார்க்கிற அத்தனை பேருக்கும் வணக்கம் வைப்பாள், நாய் உட்பட. ஒருநாள் பூங்கா வாசலில் ஒரு வாடிக்கைக்காரி, நல்லவள்தான், விளையாட்டாகக் கேட்டாள்: "என்ன தையல்காரம்மா, பொண்ணுக்குத் தைக்கிற துணியில எங்க வீட்டுல எல்லாருக்கும் தெச்சிடலாம் போலிருக்கே?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கடுகும் சேர்ந்து சிரித்தாள். தையல்காரம்மாவும் சிரித்தாள். மறுநாளிலிருந்து சாயங்காலங்களில் அவளுக்கு அவசரத் தையல் வந்துவிட்டது.

அவசரத் தையல் இருந்தால் மகள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு பிஸ்கட் பாக்கெட். ஒரு சட்டைக்கு ஒரு பாக்கெட் என்று ஆரம்பித்தது. பிறகு பொத்தானுக்குக் காஜா எடுக்க ஒன்று, கை மடிக்க ஒன்று. மையத்தில் மாதம் ஒருமுறை நர்ஸ் வந்து எல்லோரையும் எடை பார்ப்பாள். அந்த நாளில் மட்டும் கடுகுக்குத் தவறாமல் வயிற்றுவலி வந்துவிடும். வயிற்றுவலி வரப்போவது முந்தின நாளே அம்மாவுக்குத் தெரியும்.

இப்போது படிவம் வெட்டும் பலகையில் விரிந்து கிடந்தது. எடை: ஒரு கோடு. இடுப்பளவு: ஒரு கோடு. கீழே நர்ஸின் கையெழுத்துக்கு ஒரு பெட்டி.

ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிமிட வேலை.

படிவத்தை நான்காக மடித்து மெஷின் உறைக்கு அடியில் செருகினாள்.

*

வழி அன்றைக்கே கிடைத்துவிட்டது. பழைய வண்டிச் சாமான் விற்கிற கடையில் ஒரு பெல்ட்டின் நாக்கும் பூட்டும் வாங்கினாள். பள்ளிப் பைக்குத் தைக்கிற கறுப்புப் பட்டை வீட்டிலேயே இருந்தது. ஒரு முழம் பட்டை, ஒரு முனையில் நாக்கு, மறுமுனையில் பூட்டு. வேன் பெல்ட்டோடு கோத்தால் நீளம் கிடைத்துவிடும்.

ஆனால் மெஷின் ஊசி மடித்த பட்டைக்குள் இறங்கவில்லை. ஒன்று உடைந்தது. இன்னொன்றும் உடைந்தது. வண்டி பெல்ட்டைத் தைக்கிற நூல் வேறு, மெஷின் வேறு, தையலின் வடிவமே வேறு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே தடித்த ஊசியை எடுத்துக் கையால் தைக்க உட்கார்ந்தாள்.

"கறுப்பு நூல் குடுடா."

நாற்காலியிலிருந்து கடுகு டப்பாவைத் துழாவினாள். "கறுப்பு இல்ல. சிவப்பு இருக்கு. சிவப்பு அழகு."

"சரி, அதையே குடு. உள்பக்கம்தானே."

சிவப்பு நூலை நான்காக முறுக்கி, மெழுகு தடவி, நெருக்கமாகத் தைத்தாள். முடித்ததும் பட்டையின் ஒரு முனையை மகள் கையில் கொடுத்து மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். கடுகு பலங்கொண்ட மட்டும் இழுத்து, அம்மாவையே பலகையோடு சாய்த்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"பாத்தியா, எவ்வளவு உறுதி!" என்றாள் அம்மா.

அவள் மனதுக்குள் ஏதோ ஒன்று வேண்டாம் என்றது. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து மகளிடம் கொடுத்துவிட்டு, அதைக் கேட்காதவள் போல இருந்துகொண்டாள்.

மறுநாள் காலை ஓட்டுநர் பட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அதுக்குள்ள வந்துடுச்சா? பத்து நாளுன்னு சொன்னாங்களே. கம்பெனிதாக்கா?"

"ஆமாண்ணே."

"அம்மா தெச்சாங்க," என்றாள் கடுகு பெருமையாக. "சிவப்பு நூல்."

ஓட்டுநர் சிரித்தார். "உங்கம்மா விட்டா வேனையே தெச்சுடுவாங்க. கைய தூக்கு, கண்ணு."

டிக் என்று பூட்டு விழுந்தது. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாள். தப்பித்தோம் என்றிருந்தது.

*

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை.

நான்காவது வாரம் ஒரு புதன்கிழமை. வேன் கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் ஒரு சட்டைக் கழுத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெரு பேக்கரிக்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"தையல்காரம்மா, வேன் எங்க கடை முக்குல நிக்குது. பயப்படாதீங்க. சைக்கிள்காரன் குறுக்க வந்துட்டான், பிரேக் போட்டதுல..."

மீதியை அவள் கேட்கவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டி, கத்தரியைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். பாதி வழியில்தான் அது தெரிந்து கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வேனுக்குள் மற்ற பிள்ளைகள் அவரவர் பெல்ட்டில் பத்திரமாக இருந்தார்கள். ஒருவன் பயத்தில் அழுதுகொண்டிருந்தான். கடுகு மட்டும் முன்சீட்டுக்கும் தன் சீட்டுக்கும் நடுவில் சரிந்து கிடந்தாள். உதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தம். ஒரு முன்பல் பாதியாக உடைந்திருந்தது. ஓட்டுநர் தண்ணீர் வாங்கப் பேக்கரிக்குள் ஓடியிருந்தார்.

"அம்மா," என்றாள் கடுகு. "பட்டை போச்சு."

பட்டை நடுவில் பிய்ந்திருக்கவில்லை. தையல்தான் விட்டிருந்தது. பூட்டோடு பட்டை ஒரு துண்டு, நாக்கு மட்டும் ஒரு துண்டு. பிரிந்த ஓரத்தில் சிவப்பு நூல் குச்சிகுச்சியாக நின்றது.

அடுத்து அவள் செய்ததை அவளே பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தாள். எந்தத் தாயும் முதலில் மகளின் தலையைத்தான் மடியில் எடுத்திருப்பாள். அவள் முதலில் டிக், டிக் என்று இரண்டு துண்டுகளையும் கழற்றிக் கைப்பைக்குள், கத்தரிக்குப் பக்கத்தில், திணித்தாள். அப்புறம்தான் மகளைத் தூக்கினாள்.

கடுகு ரத்த வாயோடு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் எடை கேட்டாள்.

"எண்பது இருக்கும்," என்றாள் அம்மா.

நர்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கடுகைப் பார்த்தாள். மூலையிலிருந்த எடை மெஷினைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தாள். கடுகு ஏறி நின்று, வழக்கம்போலக் கன்னத்தை உப்ப முயன்றாள். உதடு வலித்ததும் விட்டுவிட்டாள். நூற்றுப் பன்னிரண்டு. நர்ஸ் எண்பதை அடித்துவிட்டு அதை எழுதினாள். அடித்த கோடு ஒன்றுதான். அதை அவள் என் முகத்தில் கிழித்திருக்கலாம் என்று தோன்றியது அம்மாவுக்கு.

உதட்டில் நான்கு தையல். டாக்டரின் கை நிதானமாகப் போய் வந்தது. ஒவ்வொரு தையலும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. வேலைத் திறமையை எங்கே கண்டாலும் நின்று பார்க்கிறவள், அன்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

மறுநாள் மையத்தில் விசாரணை. பெரிய விசாரணை ஒன்றுமில்லை. பொறுப்பாளர் மேடத்தின் அறை, ஒரு மேசை, நான்கு நாற்காலி. மேடம் கண்டிப்பானவர், ஆனால் நியாயஸ்தர். ஓட்டுநர் உட்காராமல் நின்றார். தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வீங்கிய உதட்டோடு கடுகு.

"பதினோரு பேர்ல பத்துப் பேருக்கு ஒரு கீறல் இல்ல," என்றார் மேடம். "இவளுக்கு மட்டும் எப்படி? பெல்ட் மாட்டினீங்களா, இல்லையா?"

"மாட்டினேன் மேடம். அந்த நீட்டுப் பட்டையக் கோத்துத்தான் மாட்டினேன்."

"எந்த நீட்டுப் பட்டை?"

"மையத்துலேர்ந்து குடுத்தீங்களே..."

"நாங்க ஒண்ணும் குடுக்கல. படிவமே திரும்பி வரல." மேடம் ஒரு கோப்பைத் திறந்து மூடினார். "சரி, அந்தப் பட்டை எங்க?"

"அதான் தெரியல மேடம். வண்டி முழுக்கத் தேடிட்டேன். சீட்டுக்கு அடியிலயும் பாத்துட்டேன்."

மேடம் அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது பட்டை வாங்கிக் குடுத்தீங்களாம்மா?"

கைப்பை அவள் மடியில்தான் இருந்தது. துண்டுகளை வெளியே எறியவும் மனம் வராமல், வீட்டில் வைக்கவும் தைரியம் இல்லாமல், அதே பையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் அடுத்த கேள்வி என்ன? ஏன் நீங்களே தைத்தீர்கள்? ஏன் படிவம் தரவில்லை? எடை எவ்வளவு? இடுப்பு எவ்வளவு? இத்தனை நாள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

தலையை இடம் வலமாக அசைத்தாள்.

"அம்மா தெச்சாங்க," என்றாள் கடுகு.



"சிவப்பு நூல். நான்தான் எடுத்துக் குடுத்தேன். பட்டை அம்மா பையில இருக்கு." வீங்கிய உதட்டோடு பேசியதால் சொற்கள் குழறின. ஆனாலும் மெதுவாக, ஒவ்வொன்றாக, ரப்பர் போட்டு அடுக்குவதுபோல எடுத்து வைத்தாள்.

மேடம் கனிவாகச் சிரித்தார். "சரிடா கண்ணு. வாய் வலிக்கும், பேசாத." பிறகு ஓட்டுநரிடம் திரும்பினார். "பாவம், பயத்துல ஏதேதோ சொல்றா."

ஓட்டுநர் தையல்காரம்மாவைப் பார்த்தார். ஐந்து வருடமாகக் காலையும் மாலையும் பார்த்த முகம். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் கேட்கப் போகிறார், பையைத் திறங்கக்கா என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான்தான் சரியா மாட்டலையோ என்னவோ மேடம்," என்றார்.

"அப்ப நாளைலேர்ந்து நீங்க வரவேண்டாம். மாத்து ஆள் போட்டுக்கறேன். மத்ததை அப்புறம் பேசுவோம்."

தையல்காரம்மா எழுந்துகொண்டாள். வாசலில் அவர் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அக்கா என்று கூப்பிடவில்லை.

*

வீட்டுக்கு வந்ததும் கடுகு தன் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அம்மா மெஷினை ஓட்டினாள். நூல் அறுந்தது. கோத்தாள். மறுபடி அறுந்தது. எழுந்து போய் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, உடைந்த பல்லுக்கு வசதியாகப் பாலில் தோய்த்து, கிண்ணத்தில் எடுத்து வந்தாள்.

"இந்தாடா."

கடுகு திரும்பவில்லை.

"க்ரீம் வெச்சதுடா. உனக்குப் பிடிச்சது."

"நான் பொய் சொல்லல."

"சொல்லலடா."

"மேடம் சிரிச்சாங்க." கடுகின் தோள் குலுங்கியது. "டைவர் மாமா சிரிச்சாங்க. அப்பவும் சிரிச்சாங்க. நான் உண்மை சொன்னேன். நீ சொல்லல."

இருபது வருடத்தில் இந்தப் பெண் பிஸ்கட்டை வேண்டாம் என்று சொல்லி அவள் பார்த்ததில்லை. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஊரார் மகளைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்றுதானே தெருவை விட்டாள், பூங்காவை விட்டாள், எடை பார்க்கிற நாளுக்கெல்லாம் வயிற்றுவலி வரவழைத்தாள். கடைசியில் மகள் சொன்ன ஒரே நிஜத்துக்கு ஊர் சிரித்தபோது, அதைத் தடுக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளின் எடைக்காக இத்தனை வருடம் கூசியவளுக்கு, உண்மையில் எதற்குக் கூசியிருக்க வேண்டும் என்பது இப்போதுதான் உறைத்தது. காது மடல்வரை சுட்டது.

கிண்ணத்தைப் பலகையில் வைத்தாள். மெஷின் உறைக்கு அடியிலிருந்து படிவத்தை எடுத்தாள்.

"நாளைக்கு மையத்துக்குப் போவோம்," என்றாள் முதுகைப் பார்த்து. "நடந்து."

"வேன்?"

"வேன்ல நமக்கு பெல்ட் இல்லடா."

*

மையம் இரண்டு கிலோமீட்டர். ஒன்பது மணிக்குப் போய்ச் சேர ஏழரைக்கே கிளம்பினார்கள். அப்படியும் ஒன்பதரை ஆயிற்று.

முதல் தெரு முடிவதற்குள் கடுகுக்கு மூச்சு வாங்கியது. ஒரு கடைப் படியில் உட்கார்ந்தார்கள். எழுந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். தொடைகள் உரசித் தோல் எரிகிறது என்று கடுகு காலை அகட்டி அகட்டி நடந்தாள். எத்தனை பாவாடை தைத்திருக்கிறாள், எத்தனை முறை பிரித்துத் தளர்த்தியிருக்கிறாள், அந்தத் துணிக்குள் இருக்கிறவளுக்கு நடந்தால் எரியும் என்பது அம்மாவுக்குத் தெரியவில்லை. எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள். சிலர் திரும்பியும் பார்த்தார்கள். கடுகு அத்தனை பேருக்கும் வணக்கம் வைத்தாள். அம்மாவுக்குத் தரை அழைத்தது. முடிந்த மட்டும் குனியாமல் நடந்தாள். எல்லா நேரமும் முடியவில்லை.

மைய வராந்தாவில், அன்று வேன் கதவருகே நின்றிருந்த இரண்டு அம்மாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். கணக்குத் தீர்த்துக்கொண்டு போக வந்த ஓட்டுநரும் தூண் ஓரமாக நின்றிருந்தார். மேடத்தின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே மாதாந்திர எடை பார்க்கிற நர்ஸ்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லலாம். அப்படித்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். கடுகின் கையைப் பார்த்தாள். வாசற்படியிலேயே நின்று பையைத் திறந்தாள்.

"மேடம், இதுதான் அந்தப் பட்டை."

கதவைச் சாத்தாமலே உள்ளே போய் இரண்டு துண்டுகளையும் மேசையில் வைத்தாள். சிவப்பு நூல் பிரிந்து கிடந்தது.

"நான்தான் தெச்சேன். வண்டி நின்ன உடனே நான்தான் எடுத்து ஒளிச்சேன். அவர் சரியாத்தான் மாட்டினார். கம்பெனிதுன்னு நான் பொய் சொன்னதாலதான் மாட்டினார்." கடுகைத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டாள். "என் பொண்ணு நேத்து சொன்னது அத்தனையும் நிஜம். அவ ஏதேதோ சொல்லல. நான் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, அவளப் பத்தி உங்கள அப்படி நினைக்க விட்டேன்."

மேடம் பட்டையை எடுத்து நூலை விரலால் நெருடினார். அவர் முகம் வெளுத்தது.

"வேன் வேகமாப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சா தெச்சீங்க?"

"தெரிஞ்சுதான் தெச்சேன்."

மேடம் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து மேசையைச் சுற்றி வந்து கடுகின் முன்னால் நின்றார். "மன்னிச்சுக்கோடா. நேத்து நான் நீ சொன்னதைக் கேக்கல."

"ரப்பர் யார் போட்டா?" என்றாள் கடுகு.

"யாரும் போடல. எல்லாம் கலைஞ்சு கிடக்கு."

கடுகு திருப்தியாகத் தலையாட்டினாள்.

மேடம் வாசலுக்குப் போய் ஓட்டுநரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவர் தலையசைத்தார், ஆனால் தையல்காரம்மா பக்கம் பார்க்கவில்லை. சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேனைத் துடைக்கப் போனார். அவர் அவளை மறுபடி அக்கா என்று கூப்பிட இன்னும் பல நாள் ஆகும், கூப்பிடாமலே போனாலும் போகலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைக் கேட்டு வாங்க முடியாது.

நர்ஸ்தான் பேச்சை நகர்த்தினாள். "படிவம் இருக்காம்மா?"

அவள் நீட்டினாள். நான்கு மடிப்பும் தேய்ந்து வெளுத்திருந்தது.

"எடை பாக்கற அன்னிக்கு இங்க பாதிப் பேருக்கு வயித்துவலி," என்றாள் நர்ஸ், பேனாவைத் திறந்தபடி. வராந்தாவில் ஒரு அம்மா சட்டென்று தன் செருப்பைப் பார்த்தாள். "உங்களைத் திட்டறதுக்காகச் சொல்லல. மாத்திரையில ஏதாவது மாத்த முடியுமான்னு டாக்டரக் கேக்கணும், தைராய்டு பாக்கணும். எனக்கு உண்மையான நம்பர் இல்லாம எதையும் ஆரம்பிக்க முடியாது. எடை?"

"நூத்திப் பன்னெண்டு."

சத்தமாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் முகமெல்லாம் எரிந்தது. ஆனாலும் நின்றாள்.

"இடுப்பு?"

நர்ஸ் மேசை இழுப்பறையில் டேப்பைத் தேடினாள். அதற்குள் தையல்காரம்மா தன் கைப்பைக்குள்ளிருந்து தன்னுடையதை எடுத்துவிட்டாள். முப்பது வருடம் ஊருக்கெல்லாம் சுற்றிய டேப். மகளின் முன்னால் முழங்காலிட்டாள்.

"கைய தூக்குடா. கன்னத்த உப்பாத."

"வயித்த இழுக்கணுமா?"

"வேண்டாம். எப்பவும் இருக்கற மாதிரி இரு."

டேப் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. ஒரு விரலை உள்ளே விட்டுத் தளர்த்துவது அவள் கையின் பழக்கம். விரல் தானாகவே போயிற்று. அதை வெளியே எடுத்தாள். இறுக்காமலும் தளர்த்தாமலும், இருப்பதை இருக்கிறபடி படித்தாள்.

"ஐம்பத்திரண்டு."

நர்ஸ் எழுதினாள். அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை.

"எனக்கா?" என்றாள் கடுகு. "எனக்கு நம்பரா?"

அம்மா வாடிக்கைக்காரர்களை அளந்து ஒவ்வொருவருக்கும் ஒரு எண் சொல்வதை, நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ வருடமாகக் கேட்டிருக்கிறாள். தனக்கு ஒன்று சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

"ஆமாடா. உனக்குத்தான்."

"பெரிய நம்பரா?"

"பெரிய நம்பர்தான். கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். நானும் கூட நடப்பேன்."

குறைப்பதைப் பற்றிக் கடுகு பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நேராக வராந்தாவுக்குப் போனாள். "எனக்கு அம்பத்தி ரெண்டு," என்று இரண்டு அம்மாக்களிடமும் சொன்னாள். வேனைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போனாள். "டைவர் மாமா, எனக்கு அம்பத்தி ரெண்டு."

ஓட்டுநர் துணியைப் பிழிந்தார். "அப்படியா கண்ணு," என்றார். இந்த முறை சிரிக்கவில்லை. "நல்லா ஞாபகம் வெச்சுக்கோ."

நீட்டுப் பட்டை வரப் பத்து நாளாகும். அன்று சாயங்காலம் வேன் அவர்களைக் கடந்து போயிற்று. அம்மாவும் மகளும் நடந்தார்கள். பேக்கரி முக்கில் கடுகு நின்றுவிட்டாள். கண்ணாடிக்குள் கேக்குகள் வரிசையாக இருந்தன. அவள் கேக்கைப் பார்க்கவில்லை. கல்லாவில் இருந்தவரையும், அங்கே ரொட்டி வாங்க நின்ற நான்கைந்து பேரையும் பார்த்தாள். பூங்கா வாசலில் அன்று கேலி பேசிய வாடிக்கைக்காரியும் அவர்களில் இருந்தாள்.

கடுகு மூச்சை இழுத்துக்கொண்டாள்.

அம்மாவின் கை, பழக்கத்தில், மகளின் வாயை நோக்கி உயர்ந்தது. பாதியில் நின்றது. கீழே இறங்கி மகளின் கையைப் பிடித்துக்கொண்டது.

"எனக்கு அம்பத்தி ரெண்டு," என்றாள் கடுகு, எல்லோருக்கும் கேட்கும்படியாக.